ஓய்வுக்கால நீண்ட விசா: நாட்டைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கி அங்கே காலூன்றும் வரை

ஓய்வு பெற்ற பிறகு வேறொரு நாட்டில் போய்க் குடியிருக்கலாம் என்று நினைப்பவர்கள் முதலில் தேடுவது எங்கே விசா சுலபமாகக் கிடைக்கும் என்பதைத்தான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். விசா வாங்குவது ஒரு தடவை முடிகிற வேலை, அதைக் காப்பாற்றிக்கொண்டே போவது இருபது முப்பது வருட வேலை. 55 வயதில் எல்லா நிபந்தனையும் லேசாகத்தான் தெரியும். 78 வயதில் காப்பீட்டு நிறுவனம் பாலிசியைத் தொடர மறுத்துவிட்டால், அல்லது தம்பதியில் ஒருவர் மட்டும் மிஞ்சினால், அப்போதும் அந்த விசா நிற்குமா? கீழே சொல்லும் ஒவ்வொரு படியையும் இந்தக் கேள்வியோடு சேர்த்தே படியுங்கள்.

முதல் படி: உங்கள் பணம் எந்த வகை?

எவ்வளவு பணம் என்பதற்கு முன்னால் எப்படிப்பட்ட பணம் என்று பாருங்கள். நாடுகள் இதை வைத்துத்தான் பிரிக்கின்றன. சாகும்வரை மாதாமாதம் வரும் பென்ஷன் ஒரு வகை. வாடகை, வட்டி, டிவிடெண்ட் மாதிரி உழைக்காமல் வரும் வருமானம் இன்னொரு வகை. மொத்தமாகச் சேர்த்து வைத்திருக்கும் தொகை மூன்றாவது.

பனாமாவின் பென்ஷனாடோ விசாவுக்கு ஆயுள் முழுக்க வரும் பென்ஷன்தான் வேண்டும். மாதம் 1,000 டாலர், கூட வரும் ஒவ்வொருவருக்கும் 250 டாலர். வங்கியில் பெரிய தொகை இருந்தாலும் பென்ஷன் இல்லையென்றால் இந்தக் கதவு திறக்காது. கோஸ்டா ரிக்காவிலும் பென்ஷன் உள்ளவர்களுக்கு மாதம் 1,000 டாலர் போதும், ஆனால் பென்ஷன் இல்லாதவர்கள் ரென்டிஸ்டா என்ற வேறு பிரிவில் மாதம் 2,500 டாலர் காட்ட வேண்டும். போர்ச்சுகலின் டி7 விசா வாடகை, டிவிடெண்டையும் ஏற்றுக்கொள்கிறது. தாய்லாந்தில் 50 வயது நிறைந்தவர்கள் வங்கியில் 8 லட்சம் பாட் அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்டலாம், இரண்டும் கலந்து வருடத்துக்கு 8 லட்சம் வந்தாலும் சரி. மலேசியாவின் எம்எம்2எச் (மலேசியா மை செகண்ட் ஹோம்) திட்டம் 2024-இல் மாறிய பிறகு வைப்புத்தொகையை மையமாக வைத்தே ஓடுகிறது: சில்வர் பிரிவுக்கு 1,50,000 டாலர், கோல்டுக்கு 5,00,000, பிளாட்டினத்துக்கு 10,00,000. அதோடு அங்கே வீடும் வாங்கியாக வேண்டும்.

இணையம் வழியாக இன்னும் கொஞ்சம் வேலை பார்த்துச் சம்பாதிக்கிறீர்கள் என்றால் அந்தப் பணத்தை ஓய்வுக்கால விசாவில் கணக்குக் காட்டப் பார்க்காதீர்கள். ஸ்பெயினின் நான்-லூக்ரேட்டிவ் விசா வேலை செய்யக் கூடாது என்ற நிபந்தனையில்தான் தரப்படுகிறது, அப்படிச் சம்பாதிப்பவர்களுக்கு அங்கே தனி விசா இருக்கிறது.

சரி, தொகை இன்று பொருந்துகிறது என்றே வைத்துக்கொள்வோம். அந்த வரம்பு எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்தீர்களா? போர்ச்சுகலில் அது குறைந்தபட்ச ஊதியத்தோடு கட்டப்பட்டிருக்கிறது: 2024-இல் மாதம் 820 யூரோ, 2025-இல் 870. துணைக்கு அதில் பாதி, பிள்ளைக்கு 30 சதவீதம் கூடுதல். ஈக்குவடாரில் அடிப்படைச் சம்பளத்தின் மூன்று மடங்கு. இவை வருடாவருடம் ஏறும். உங்கள் பென்ஷன் அதே வேகத்தில் ஏறுமா? பிரிட்டனின் அரசு ஓய்வூதியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலோ பிலிப்பைன்ஸிலோ குடியிருந்தால் வருடாந்திர உயர்வு வரும், தாய்லாந்தில் குடியேறினால் போன நாளின் தொகையிலேயே உறைந்துவிடும். பென்ஷன் எந்த நாட்டிலிருந்து வந்தாலும், 'வெளிநாட்டில் குடியிருந்தால் என் தொகை மாறுமா, ஏறுமா' என்று வழங்குபவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பென்ஷன் ஒரு நாணயத்தில், வரம்பு இன்னொரு நாணயத்தில் என்றால் வரம்புக்கு மேல் குறைந்தது கால் பங்காவது கூடுதலாக இருந்தால்தான் நான் அந்த நாட்டைப் பட்டியலிலேயே வைப்பேன்.

இரண்டாம் படி: விசா எங்கே கொண்டுபோய் விடுகிறது?

ஓய்வுக்கால விசா என்ற ஒரே பெயரில் ரொம்ப வேறுபட்ட விஷயங்கள் ஓடுகின்றன. தாய்லாந்தின் வழக்கமான வழி வருடாவருடம் நீட்டிப்பது. பத்துப் பதினைந்து வருடம் இருந்தாலும் அடுத்த வருடம் மறுபடி கணக்குக் காட்டத்தான் வேண்டும், தானாக நிரந்தரக் குடியிருப்பு வராது. ஸ்பெயினில் முதல் அனுமதி ஒரு வருடம், பிறகு இரண்டு, பிறகு இன்னொரு இரண்டு, ஐந்து வருடம் முடிந்தால் நீண்டகாலக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம். போர்ச்சுகலில் இரண்டு, பிறகு மூன்று. மெக்ஸிகோவில் நான்கு வருடத் தற்காலிகக் குடியிருப்புக்குப் பிறகு நிரந்தரம். பனாமாவின் பென்ஷனாடோ தொடக்கத்திலேயே நிரந்தரத் தகுதி தருகிறது. வயது கூடக்கூட அலுவலகம் ஏறி இறங்குவது கஷ்டம் என்பதால், செலவு கொஞ்சம் கூடினாலும் நிரந்தரத்துக்குப் போகும் வழி உள்ள நாடுதான் மேல் என்பது என் கருத்து.

புதுப்பித்தலுக்கான தொகையையும் இப்போதே பாருங்கள். ஸ்பெயினில் முதல் வருடத்துக்கு ஐபிரெம் என்ற குறியீட்டின் நான்கு மடங்கு, அதாவது மாதம் 2,400 யூரோ கணக்கில் வருடத்துக்கு 28,800 யூரோ காட்டினால் போதும், துணைக்கு 7,200 கூடுதல். ஆனால் புதுப்பித்தல் இரண்டு வருடத்துக்கு என்பதால் இரண்டு வருடத்துப் பணத்தை, 57,600 யூரோவை, காட்டச் சொல்வார்கள். சேமிப்பை மட்டும் காட்டி விசா வாங்கிப் போனவர்கள் முதல் வருடமே அதிலிருந்து எடுத்துச் செலவழித்துவிட்டு இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

அடுத்தது துணை. தம்பதியில் ஒருவர் பிரதான விண்ணப்பதாரர், மற்றவர் சார்ந்திருப்பவர் என்று போடுவதுதான் வழக்கம், செலவும் குறைவு. பிரதானமானவர் இறந்துவிட்டால் மற்றவரின் அனுமதி என்ன ஆகும்? சில நாடுகளில் அவரே புதிதாகத் தகுதி காட்ட வேண்டியிருக்கும், பென்ஷன் பாதியாகக் குறைந்திருக்கும் நேரத்தில். இருவருக்கும் வயதும் வருமானமும் தனித்தனியே பொருந்தினால் தனித்தனியாகவே விண்ணப்பியுங்கள். பொருந்தாவிட்டால், அந்த நாட்டுக் குடியேற்ற வழக்கறிஞரிடம் கட்டணம் கொடுத்துக் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுவே.

விதி மாறும் என்பதையும் கணக்கில் சேருங்கள். மலேசியா தன் எம்எம்2எச் திட்டத்தை 2002-இல் தொடங்கி, 2021-இல் மாத வருமானம் 40,000 ரிங்கிட் வேண்டும் என்று ஒரேயடியாக இறுக்கி, 2024-இல் மறுபடி மாற்றியது. பிலிப்பைன்ஸ் எஸ்ஆர்ஆர்வி என்ற தன் ஓய்வுக்கால விசாவுக்கான குறைந்தபட்ச வயதை 2021-இல் 35-லிருந்து 50-க்கு ஏற்றி, 2025-இல் 40-க்கு இறக்கியது. கிரீஸ் 2024-இல் மாத வருமான வரம்பை 2,000 யூரோவிலிருந்து 3,500 யூரோவாக்கியது. இருக்கிற வீட்டை விற்றுவிட்டுக் கிளம்பாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். குறைந்தது முதல் புதுப்பித்தல் முடியும்வரை அது வாடகைக்காவது இருக்கட்டும்.

மூன்றாம் படி: போய் இருந்து பாருங்கள்

இதை நீட்டி எழுத வேண்டியதில்லை. சுற்றுலாவாகப் போய் ஹோட்டலில் தங்குவது கணக்கில்லை. வாடகை வீடு எடுத்து இரண்டு மூன்று மாதம் இருங்கள், அதுவும் அந்த ஊரின் மோசமான பருவத்தில். வங்கிக்குப் போங்கள், அரசு மருத்துவமனைக்குள் போய் உட்கார்ந்து பாருங்கள், உள்ளூர் மொழி தெரியாமல் மருந்துக் கடையில் என்ன ஆகிறது என்று கவனியுங்கள். ஷெங்கன் நாடுகளில், அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாமல் இயங்கும் ஐரோப்பிய நாடுகளில், எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் 90 நாளுக்கு மேல் சுற்றுலாவாக இருக்க முடியாது. இந்தக் கணக்கு ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான்.

நான்காம் படி: மருத்துவக் காப்பீடு

நிறைய பேர் இதைக் கடைசியாகப் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் நாட்டைத் தேர்ந்தெடுக்கும்போதே பார்க்க வேண்டியது, ஏனென்றால் பணம் இருந்தும் விசா கைவிட்டுப் போவது பெரும்பாலும் இங்கேதான்.

ஸ்பெயின் கேட்பது அங்கே இயங்க அனுமதி பெற்ற நிறுவனத்தின் முழுப் பாலிசி. கோ-பே இருக்கக் கூடாது, அதாவது சிகிச்சையின்போது உங்கள் பங்காக எதுவும் கட்டும்படி இருக்கக் கூடாது. பயணக் காப்பீட்டைக் கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தாய்லாந்தின் ஓ-ஏ என்ற ஓய்வுக்கால விசாவுக்கு 30 லட்சம் பாட் அல்லது 1,00,000 டாலர் அளவுக்குப் பாலிசி வேண்டும், வருடாந்திர நீட்டிப்பின்போதும் வேண்டும். அதே தாய்லாந்தில் நான்-ஓ விசாவில் நுழைந்து ஓய்வுக்காலக் காரணத்துக்காக நீட்டிப்பவர்களுக்கு இந்தக் காப்பீட்டு நிபந்தனை இல்லை. இரண்டும் அருகருகே உள்ள பெயர்கள், ஆனால் 76 வயதில் பாலிசி கிடைக்காமல் நிற்பவருக்கு அந்த வித்தியாசம் வாழ்க்கையையே மாற்றும். காப்பீட்டு நிபந்தனை இல்லை என்பதற்காகக் காப்பீடே இல்லாமல் இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வெளிநாட்டுத் தனியார் மருத்துவமனையில் ஒரு இதய அறுவை சிகிச்சை சேமிப்பின் பெரும்பகுதியைத் தின்றுவிடும்.

காப்பீட்டு நிறுவனத்திடம் மூன்று விஷயம் எழுத்தில் வாங்குங்கள்: புதிதாகச் சேர உச்ச வயது எது, புதுப்பிக்க உச்ச வயது எது, ஏற்கெனவே உள்ள சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் போன்றவற்றை எப்படி நடத்துவார்கள். புதுப்பித்தலுக்கு வயது வரம்பே இல்லாத பாலிசியில் 60-க்குள் சேர்ந்துவிட்டால் பிற்பாடு பெரிய கவலை விட்டது. நோயை மறைத்துப் படிவம் நிரப்பாதீர்கள், க்ளெய்ம் வரும் நாளில் பாலிசியே ரத்தாகும்.

பொது மருத்துவத்துக்குள் நுழைய வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். கோஸ்டா ரிக்காவில் குடியிருப்பு பெறுபவர்கள் காஹா என்ற பொதுக் காப்பீட்டில் சேர்ந்தே ஆக வேண்டும், இது எனக்குப் பிடித்த ஏற்பாடு. ஸ்பெயினில் ஒரு வருடம் குடியிருந்த பிறகு கொன்வேனியோ எஸ்பெஸியால் என்ற திட்டத்தில் மாதக் கட்டணம் கட்டிச் சேரலாம், 65 வயதுக்குக் கீழே 60 யூரோ, 65-லிருந்து 157 யூரோ. பிரிட்டனின் அரசு ஓய்வூதியம் பெறுபவர்கள் எஸ்1 படிவம் மூலம் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் பொது மருத்துவத்தில் சேர முடியும். அமெரிக்காவில் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் மட்டும் சில விதிவிலக்குகள் தவிர வெளிநாட்டில் செல்லாது.

ஐந்தாம் படி: வரி

பெரும்பாலான நாடுகளில் வருடத்தில் 183 நாள் இருந்தால் நீங்கள் அங்கே வரி கட்டும் குடியிருப்பாளர். அதற்குப் பிறகு உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் கணக்குக் காட்டச் சொல்வது ஸ்பெயின் மாதிரி நாடுகள். வெளிநாட்டுச் சொத்து 50,000 யூரோவைத் தாண்டினால் 720-ஆம் எண் படிவத்திலும் தெரிவிக்கச் சொல்வார்கள். பனாமாவும் கோஸ்டா ரிக்காவும் உள்நாட்டில் ஈட்டிய வருமானத்துக்கு மட்டும் வரி போடுகின்றன. தாய்லாந்தில் 180 நாள் இருப்பவர்கள் 2024 ஜனவரி 1-லிருந்து ஈட்டி உள்ளே கொண்டுவரும் வெளிநாட்டு வருமானம் எந்த வருடம் கொண்டுவந்தாலும் வரிக்குள் வரும். முன்பு அடுத்த வருடம் கொண்டுவந்தால் தப்பித்துவிடலாம் என்று இருந்தது, பழைய ஆலோசனைகளைப் படித்து அதை நம்பிவிடாதீர்கள். கிரீஸ் வெளிநாட்டுப் பென்ஷன்காரர்களுக்கு 15 வருடம் வரை 7 சதவீதம் என்ற ஒரே விகித வரிச் சலுகை தருகிறது. புதிதாகக் குடியேறுபவர்களுக்கு போர்ச்சுகல் தந்த என்எச்ஆர் என்ற பிரபலமான வரிச் சலுகை 2024-லிருந்து புதிதாக வரும் பென்ஷன்காரர்களுக்கு மூடப்பட்டுவிட்டது. அமெரிக்கக் குடிமக்கள் எங்கே இருந்தாலும் அமெரிக்காவுக்கும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும்.

உங்கள் பென்ஷன் வரும் நாட்டுக்கும் போகும் நாட்டுக்கும் இடையில் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருந்தால் அதில் பென்ஷன் பற்றிய பிரிவை மட்டுமாவது படியுங்கள். அரசு ஊழியர் பென்ஷனும் தனியார் பென்ஷனும் அதில் வேறுவேறு பிரிவில் வரும், அரசுப் பென்ஷனுக்குப் பெரும்பாலும் கொடுக்கும் நாட்டில்தான் வரி. இரண்டு நாட்டு வரியும் தெரிந்த கணக்காளரிடம் கிளம்புவதற்கு முன்பே ஒரு மணி நேரம் பேசுவது போன பிறகு பேசுவதைவிட ரொம்ப லாபம், ஏனென்றால் பங்குகளையோ சொத்தையோ விற்பதாக இருந்தால் குடியிருப்பு மாறும் முன்பா பின்பா என்பதில்தான் பணம் இருக்கிறது.

ஆறாம் படி: ஆவணங்கள்

இதில் வரிசைதான் முக்கியம். சீக்கிரம் காலாவதியாவதைக் கடைசியில் வாங்க வேண்டும். பாஸ்போர்ட்டை முதலில் புதுப்பித்துவிடுங்கள், விண்ணப்பத்தின் நடுவில் எண் மாறினால் பெரிய தலைவலி. பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் இரண்டிலும் பாஸ்போர்ட்டிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று உட்கார்ந்து ஒப்பிடுங்கள். முதலெழுத்து ஒன்றில் விரிந்தும் ஒன்றில் சுருங்கியும் இருந்தால் திருத்தவே மாதக்கணக்கில் ஆகும், அதனால் இந்த வேலையை இன்றே தொடங்கலாம். போலீஸ் சான்றிதழும் மருத்துவச் சான்றிதழும் பெரும்பாலும் மூன்று மாதம்தான் செல்லும், அப்பாயின்மென்ட் தேதி தெரிந்த பிறகு அதிலிருந்து பின்னோக்கி எண்ணி வாங்குங்கள். ஸ்பெயின் கடந்த ஐந்து வருடத்தில் குடியிருந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் போலீஸ் சான்றிதழ் கேட்கிறது.

அடுத்தது அப்போஸ்டில், அதாவது ஒரு நாட்டின் ஆவணம் உண்மையானது என்று இன்னொரு நாடு ஏற்பதற்கான அரசு முத்திரை. 1961 ஹேக் ஒப்பந்தத்தில் இரண்டு நாடுகளும் இருந்தால் ஆவணத்தை வழங்கிய நாட்டில் ஒரே ஒரு முத்திரை போதும். சீனா 2023 நவம்பரிலும் கனடா 2024 ஜனவரியிலும்தான் இதற்குள் வந்தன. ஏதாவது ஒரு நாடு ஒப்பந்தத்தில் இல்லையென்றால் வெளியுறவுத் துறை, பிறகு தூதரகம் என்று இரண்டு இடத்தில் சான்றொப்பம் வாங்க வேண்டும், நேரமும் இரட்டிப்பு. முதலில் அப்போஸ்டில், அப்புறம் மொழிபெயர்ப்பு. மாற்றிச் செய்தால் அப்போஸ்டில் முத்திரை மொழிபெயர்க்கப்படாமல் நிற்கும், மறுபடி பணம் கட்ட வேண்டிவரும். மொழிபெயர்ப்பாளர் அந்த நாட்டில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டுமா என்பதையும் தூதரகத்தின் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வங்கிக் கணக்கு விவரத்தில் திடீரென்று பெரிய தொகை வந்திருந்தால் கேள்வி வரும். வீடு விற்ற பணமா, பணிக்கொடையா, அதற்கான பத்திரத்தை நீங்களே சேர்த்து வையுங்கள். அவர்கள் கேட்ட பிறகு கொடுப்பதற்கும் கேட்கும் முன்பே கொடுப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

ஏழாம் படி: விண்ணப்பம்

எங்கே விண்ணப்பிப்பது என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஸ்பெயின், போர்ச்சுகல் விசாவுக்கு நீங்கள் சட்டப்படி குடியிருக்கும் பகுதியைக் கவனிக்கும் தூதரகம்தான், வசதியான வேறு ஊர்த் தூதரகம் எடுத்துக்கொள்ளாது. தாய்லாந்து 2025 ஜனவரியிலிருந்து இணையவழி விசாவை எல்லாத் தூதரகங்களுக்கும் விரித்துவிட்டது. பனாமாவில் உள்ளே போய் அங்குள்ள வழக்கறிஞர் மூலம்தான் தாக்கல் செய்ய வேண்டும். மலேசியாவின் எம்எம்2எச்சுக்கு உரிமம் பெற்ற ஏஜென்ட் கட்டாயம்.

மற்ற நாடுகளில் ஏஜென்ட் உங்கள் விருப்பம். வைத்துக்கொண்டால் கட்டணத்தில் அரசுக் கட்டணம் எவ்வளவு, அவர் கூலி எவ்வளவு, நிராகரித்தால் எது திரும்ப வரும் என்று எழுதி வாங்குங்கள். வைப்புத்தொகை உங்கள் பெயரிலுள்ள கணக்கில் மட்டுமே போக வேண்டும், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. தாய்லாந்தில் '8 லட்சம் பாட்டை நாங்களே கொஞ்ச நாள் போட்டுக் காட்டுகிறோம்' என்று சொல்பவர்கள் உண்டு. அதற்குச் சம்மதித்தால் வருடாவருடம் அவர்கள் கையில்தான் உங்கள் குடியிருப்பு இருக்கும், பிடிபட்டால் நாட்டைவிட்டு வெளியேற வேண்டியதுதான்.

ஒரு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதி மேலே வையுங்கள்: யார் நீங்கள், ஏன் அந்த ஊர், வருமானம் எங்கிருந்து, எங்கே தங்கப் போகிறீர்கள், வேலை பார்க்கப் போவதில்லை. ஒவ்வொரு வரிக்கும் எந்த ஆவணம் ஆதாரம் என்று எண் போட்டுவிடுங்கள். போர்ச்சுகல் பெரும்பாலும் 12 மாத வாடகை ஒப்பந்தம் எதிர்பார்க்கிறது, விசா மறுக்கப்பட்டால் ஒப்பந்தம் ரத்தாகும் என்ற ஒரு வரி அதில் இருக்கட்டும். நிராகரிப்பு வந்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், மேல்முறையீட்டுக் கெடு பல இடங்களில் ஒரு மாதம்தான்.

எட்டாம் படி: போய் இறங்கிய பிறகு

தூதரகம் பாஸ்போர்ட்டில் ஒட்டும் விசா பல நாடுகளில் உள்ளே நுழைவதற்கு மட்டுமே. போர்ச்சுகலில் அது நான்கு மாதம் செல்லும், அதற்குள் ஐமா என்ற குடியேற்ற அமைப்பிடம் குடியிருப்பு அனுமதிக்குப் போக வேண்டும். ஸ்பெயினில் நுழைந்த ஒரு மாதத்துக்குள் டிஐஇ என்ற வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

தாய்லாந்தில் 90 நாளுக்கு ஒரு முறை முகவரியைத் தெரிவிக்க வேண்டும். வெளியே போவதற்கு முன் ரீ-என்ட்ரி பெர்மிட் (திரும்பி நுழைவதற்கான அனுமதி) வாங்காமல் விமானம் ஏறினால் தங்கும் அனுமதி அங்கேயே முடிந்துவிடும். அந்த பெர்மிட்டுக்குக் கட்டணம் ஒரு முறைக்கு 1,000 பாட், பல முறைக்கு 3,800. இந்த ஒரு முத்திரையை மறந்து மொத்தத்தையும் முதலிலிருந்து தொடங்கியவர்கள் நிறைய. வைப்புப் பணத்துக்கும் நாள்கணக்கு உண்டு: நீட்டிப்புக்கு இரண்டு மாதம் முன்பிருந்து 8 லட்சம் இருக்க வேண்டும், கிடைத்த பிறகு மூன்று மாதம் அப்படியே இருக்க வேண்டும், மற்ற மாதங்களில் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது.

வெளியே இருக்கும் நாளுக்கும் எல்லை உண்டு. போர்ச்சுகலின் தற்காலிக அனுமதிக் காலத்தில் தொடர்ச்சியாக ஆறு மாதமோ விட்டுவிட்டு மொத்தம் எட்டு மாதமோ வெளியே இருந்தால் அனுமதி ரத்தாகலாம். மலேசியாவில் 50 வயதுக்குக் கீழே உள்ளவர்கள்தான் வருடத்துக்கு 90 நாள் இருக்க வேண்டும். பேரப்பிள்ளைகளைப் பார்க்க நீண்ட நாள் போய்வருபவர்கள் இதை நாட்டைத் தேர்ந்தெடுக்கும்போதே பாருங்கள்.

கடைசியாக ஒரு வேலை, பலர் பேசவே தயங்குவது. அங்கே திறக்கும் வங்கிக் கணக்கு, வைப்புத்தொகை, வீடு எல்லாம் உங்களுக்குப் பிறகு யாருக்கு, எப்படிப் போகும் என்று முதல் வருடத்திலேயே ஏற்பாடு செய்துவிடுங்கள். அந்த நாட்டுச் சொத்துக்கு அந்த நாட்டு முறைப்படி ஒரு உயில், இன்னொரு நாட்டு உயிலை அது ரத்து செய்யாதபடி வாசகம் பார்த்து எழுத வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் பெரும்பாலான நாடுகளில் 2015 ஆகஸ்ட் 17-லிருந்து, கடைசியாக வழக்கமாகக் குடியிருந்த நாட்டின் வாரிசுச் சட்டமே பொருந்தும், ஆனால் உயிலில் எழுதி வைத்தால் உங்கள் குடியுரிமை நாட்டின் சட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம். நினைவு தப்பும் நிலை வந்தால் மருத்துவ முடிவும் வங்கி வேலையும் யார் பார்ப்பது என்று அதிகாரப் பத்திரம் ஒன்றும் வேண்டும். பென்ஷன் வழங்குபவர் வருடாவருடம் கேட்கும் உயிர்வாழ் சான்றிதழை அந்த ஊரில் யார் கையெழுத்திட்டுத் தருவார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அது ஒரு வருடம் தாமதமானால் பென்ஷன் நிற்கும், பென்ஷன் நின்றால் அடுத்த நீட்டிப்புக்குக் காட்ட ஒன்றும் இருக்காது.